கையும் கணினியும் – 12: முதலில் வந்த திரை ஏன் கடைசியில் வென்றது?

சென்ற பகுதியில் ஒளிப்பேனாவையும் மவுஸையும் பார்த்தோம். இரண்டிலும் கைக்கும் திரைக்கும் நடுவே ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியை நீக்கிவிட்டு விரலையே நேராகத் திரைமேல் வைக்கும் முயற்சிக்கு இப்போது வருகிறோம். தொடுதிரையின் கதையைப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சொல்லிக் கேட்டிருப்போம். முதலில் ரெசிஸ்டிவ் திரை வந்தது, அழுத்தினால்தான் அதற்குத் தெரியும், அதனால் சின்னக் குச்சி ஒன்றை வைத்துக் குத்திக்கொண்டிருந்தோம். பிறகு 2007இல் ஐபோனோடு கெபாசிட்டிவ் திரை வந்தது, விரல் பட்டாலே போதும், பழையது மறைந்தது. இந்த வரிசை தவறு. கெபாசிட்டிவ் திரைதான் மூத்தது. அது 1965இலேயே பிறந்துவிட்டது. ரெசிஸ்டிவ் அதற்குச் சில ஆண்டுகள் இளையது. மூத்தது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கிடந்து, பிறகு எழுந்து வந்திருக்கிறது. அத்தனை காலம் அது ஏன் தோற்றுக்கிடந்தது, எது மாறியதால் வென்றது என்றுதான் நாம் கேட்கவேண்டும். என் வாதம் இது: விரலை உணரும் முறைகளில் எதுவும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை. அந்த உணர்வைப் படித்துப் பொருள் காணும் மின்சுற்று அந்தந்தக் காலத்தில் என்ன விலைக்குக் கிடைத்தது, அந்தத் திரையிடம் மனிதர்கள் என்ன வேலை கேட்டார்கள் என்ற இரண்டும்தான் ஒவ்வொரு முறையும் வெற்றி தோல்வியை முடிவுசெய்திருக்கின்றன.

இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் ராயல் ரேடார் எஸ்டாபிளிஷ்மென்ட் என்ற அரசு ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965இல் ‘எலக்ட்ரானிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1967இல் ‘எர்கனாமிக்ஸ்’ இதழில் அதையே விரிவாக எழுதினார். அவர் முன் இருந்த சிக்கல் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு. வானில் விமானங்கள் பெருகிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டு அறைக்குள் கணினி நுழையத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு விமானத்தின் பெயரையும் உயரத்தையும் விசைப்பலகையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் நேரமும் போகும், பிழையும் வரும். ஜான்சன் கண்ட வழி எளிமையானது. அந்தக் கணத்தில் எந்தெந்தத் தேர்வுகளுக்கு இடமுண்டோ அவற்றை மட்டும் கணினி திரையில் எழுதிக்காட்டட்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் எதிரே திரையின் முகத்தில் ஒரு மெல்லிய செப்புக் கம்பி இருக்கட்டும். கட்டுப்பாட்டாளர் அதைத் தொட்டால் அடுத்த தேர்வுகள் தோன்றட்டும். எழுத்துகள் நிலையாகப் பொறிக்கப்பட்ட விசைப்பலகைக்குப் பதிலாக, வேலைக்கு ஏற்பத் தன் விசைகளை மாற்றிக்கொள்ளும் பலகை ஒன்று அவருக்குக் கிடைத்தது. இன்று பணம் எடுக்கும் இயந்திரத்திலும் கைபேசியிலும் நாம் செய்வது அடிப்படையில் இதுதான். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு 1969இல் கிடைத்தது.

அந்தக் கம்பி விரலை எப்படி அறிந்தது? நம் உடல் உப்புநீர் நிறைந்தது. அது மின்சாரத்தைக் கடத்தும். மின்னூட்டம் உள்ள ஒரு கடத்தியின் அருகே இன்னொரு கடத்தியைக் கொண்டுவந்தால், இரண்டும் சேர்ந்து மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அமைப்பாகின்றன. விரல் நெருங்கும்போது கம்பியின் தேக்குதிறன் சற்றே கூடுகிறது; அந்தச் சிறு மாற்றத்தை மின்சுற்று கண்டுபிடிக்கிறது. அழுத்தம் தேவையில்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், 1970களின் தொடக்கத்தில் தன் புதிய துகள் முடுக்கிக்கு இந்த வழியையே நாடியது. கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்த வளையத்தைப் பழைய பாணியில் இயக்குவதென்றால் ஆயிரக்கணக்கான பொத்தான்களும் திருகுகளும் சுவர்முழுக்க நிற்கவேண்டியிருக்கும். பிராங்க் பெக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஸ்டும்பேயும் அதைச் சில மேசைகளுக்குள் அடக்கினார்கள். கண்ணாடிமேல் 80 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செப்புக் கோடுகளை அதே அளவு இடைவெளிவிட்டுச் செதுக்கினால் அவை கண்ணுக்குப் புலப்படாது. அப்படிக் கண்ணுக்குத் தெரியாத 16 பொத்தான்கள் ஒரு திரையில் அமைந்தன. 1973இல் இதைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. 1976இல் முடுக்கி ஓடத் தொடங்கியபோது அந்தத் திரைகளும் வேலைக்கு வந்தன.

இவ்வளவு நன்றாக வேலை செய்த முறை ஏன் பரவவில்லை? அந்தப் 16 என்ற எண்ணில்தான் விடை இருக்கிறது. மால்வெர்னிலும் செர்னிலும் திரைமேல் இருந்தவை நிலையான தொடுமிடங்கள். ஒவ்வோர் இடமும் ‘தொட்டார்கள்’, ‘தொடவில்லை’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். இடங்களைக் கூட்டினால் கம்பிகளும் அவற்றைக் கண்காணிக்கும் மின்சுற்றுகளும் கூடும். திரையின் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் தெரியவேண்டும் என்றால் மிக நுண்ணிய மாற்றங்களை ஏராளமான இடங்களில் ஓயாமல் அளக்கவேண்டும். விரல் ஏற்படுத்தும் மாற்றமோ ஒரு பிகோஃபாரடு என்ற மிகச்சிறு அளவைக்கூட எட்டாமல் போகலாம். திரைக்குள்ளேயே இருக்கும் மின்னிரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அந்தக் காலத்துச் சில்லுகளால் ஆகாது. ஆகவேண்டுமென்றால் ஒரு பெட்டி நிறைய மின்சுற்று வேண்டும். ஒரு விமான நிலையமும் ஒரு துகள் முடுக்கியும் அந்தச் செலவைத் தாங்கும். கடை மேசைமேல் வைக்கும் பொருளுக்கு அது கட்டுப்படியாகாது.

ரெசிஸ்டிவ் திரை அந்த இடத்தில்தான் நுழைந்தது. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் இயற்பியலாளர் சாம் ஹர்ஸ்ட், விடுப்பில் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். கருவிகள் நீண்ட தாள்சுருள்களில் வரைந்து தள்ளிய வளைகோடுகளைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியின் அளவையும் கையால் குறிக்கவேண்டிய சலிப்பூட்டும் வேலையிலிருந்து தப்பிக்க, 1971 வாக்கில் அவர் உருவாக்கியதுதான் எலோகிராஃப். அது திரையே அல்ல. வரைபடத்தை மேலே வைத்து முனையால் அழுத்தினால் அந்தப் புள்ளியின் இடத்தை மின்னழுத்தமாகச் சொல்லும் பலகை, அவ்வளவுதான். பிறகு ஓக் ரிட்ஜில் அவர் தொடங்கிய எலோகிராஃபிக்ஸ் நிறுவனம் அதைக் கண்ணாடிபோல் ஒளி புகக்கூடியதாக்கியது. 1977இல் ஐந்து கம்பி முறைக்குக் காப்புரிமை பெற்றது. பிறந்ததிலிருந்தே அதன் குணம் வேறு. கெபாசிட்டிவ் ‘இந்தப் பொத்தானைத் தொட்டார்களா’ என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. ரெசிஸ்டிவ் ‘இந்தப் புள்ளி எங்கே இருக்கிறது’ என்ற கேள்வியிலிருந்து பிறந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அதன் வெற்றிக்கான காரணம் உடனே விளங்கும். மின்சாரம் கடத்தும் ஒளிபுகு பூச்சு கொண்ட இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே கண்ணாடி, மேலே வளையும் பிளாஸ்டிக் தாள், நடுவே அவை ஒட்டிக்கொள்ளாதபடி நுண்ணிய புள்ளித் தாங்கிகள். மேல்தாளை அழுத்தினால் அந்த இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஒரு பரப்பின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே ஐந்து வோல்ட் கொடுத்தால், பாதி தூரத்தில் இரண்டரை வோல்ட் இருக்கும், கால் தூரத்தில் அதற்கேற்ற அளவு இருக்கும். தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தை மறுபரப்பு படித்துச் சொன்னால் கிடைத்தூரம் தெரிந்துவிடும். உடனே மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் மாற்றிக் கொடுத்தால் நெடுக்குத் தூரமும் தெரிந்துவிடும். இரண்டே அளவீடுகள், பள்ளி இயற்பியலில் படிக்கும் மின்னழுத்தப் பகிர்வுதான் அடிப்படை. மேல்தாள் அழுத்தி அழுத்தித் தேயும் என்பது இதன் குறை. ஐந்து கம்பி முறை அந்தக் குறையைக் குறைத்தது. தூரத்தை அளக்கும் பொறுப்பு முழுவதையும் அடிக்கண்ணாடியிடம் விட்டு, மேல்தாளை வெறும் தொடுமுனையாக்கியது. மேல்தாள் தேய்ந்தாலும் அளவு பிசகாது. இந்தத் திரைக்கு மலிவான சில்லு போதும், எதை வைத்து அழுத்தினாலும் தெரியும். விரலோ கையுறையோ பேனாவின் பின்முனையோ, அதற்கு எல்லாம் ஒன்றே. 1980களிலும் 90களிலும் கிடைத்த மின்னணுவியலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

இதே காலத்தில் இன்னும் இரண்டு வழிகள் முயலப்பட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் வழிநடத்திய பிளேட்டோ கல்விக் கணினி அமைப்பு, 1972இல் தன் நான்காம் தலைமுறையில் ஆரஞ்சு ஒளிவீசும் பிளாஸ்மா திரையைக் கொண்டுவந்தது. திரையின் ஓரங்களிலிருந்து அகச்சிவப்பு ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மாணவரின் விரல் எந்தக் கிடைக்கதிரையும் எந்த நெடுங்கதிரையும் மறிக்கிறதோ அதுதான் தொட்ட இடம். 16க்கு 16 என்று மொத்தம் 256 கட்டங்கள். விடையைத் தட்டச்சு செய்யத் தெரியாத சிறு குழந்தை படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். கல்விக்கு அந்த 256 கட்டங்கள் தாராளம். ஹெவ்லெட்–பேக்கர்ட் நிறுவனம் 1983இல் தன் எச்.பி.–150 கணினியில் இதே முறையை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தபோதுதான் பொருத்தம் தவறியது. எழுத்துகளைத் திருத்தும் வேலைக்குக் கதிர்களின் கட்டங்கள் பெரிதாக இருந்தன. ஓரத்துத் துளைகளில் தூசி அடைந்து கதிரை மறித்தது. நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கி நாள்முழுக்கக் கையை நீட்டிக்கொண்டிருப்பது தோளைக் களைக்கவைத்தது. முறை அதேதான், கேட்ட வேலைதான் மாறியது. இன்னொரு வழி ஒலி. ஜெனித் நிறுவனத்தில், தொலைக்காட்சிக்கான ஒலியலை ரிமோட்டை முன்பு உருவாக்கிய ராபர்ட் ஆட்லரே இதிலும் முன்னின்றார். காதுக்கு எட்டாத அதிர்வு கண்ணாடியின் பரப்பில் ஓடும்; விரல் பட்ட இடத்தில் அது கொஞ்சம் உறிஞ்சப்படும்; அந்தக் குறைவு எத்தனை நேரம் கழித்து வந்து சேர்கிறது என்பதிலிருந்து இடம் கணக்கிடப்படும். கண்ணாடிமேல் பூச்சே வேண்டாம் என்பதால் படம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு துளித் தண்ணீரும் அதற்கு விரல் போலத்தான்.

கைக்கு அடக்கமான கருவிகள் வந்தபோது எல்லோரும் ரெசிஸ்டிவையே எடுத்தார்கள். ஆப்பிளின் நியூட்டன் 1993இல், கைபேசியையும் கணினியையும் சேர்த்த ஐபிஎம் சைமன் 1994இல், பாம் பைலட் 1996இல், நின்டென்டோ டிஎஸ் 2004இல் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் ஸ்டைலஸ் என்ற கூர்முனைக் குச்சி உண்டு. அதைப் பின்னாளில் பலர் ஒரு குறையாகப் பேசினார்கள். ஆனால் அந்தக் காலத்துத் திரைகள் சிறியவை, அவற்றில் எழுத்தை எழுதிக் காட்டவேண்டும், நுண்ணிய சதுரங்களைக் குறிபார்த்துத் தொடவேண்டும். கூர்முனைக்குத்தான் அந்த வேலை முடியும். விரல்நுனி சராசரியாக ஒரு சென்டிமீட்டர் இடத்தை மறைத்துவிடும். ஆகவே ஸ்டைலஸைத் தேர்ந்தவர்கள் பிழைசெய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் கருவியிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தே தேர்ந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் கெபாசிட்டிவ் உறங்கிக்கிடக்கவில்லை. செர்னில் அதே ஸ்டும்பே 1977இல், தனித்தனிப் பொத்தான்களை விட்டுக் கிடைக்கோடும் நெடுக்கோடுமாக இடத்தை அறியும் முறையை எழுதிவைத்தார். 1985இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் லீ, பக்ஸ்டன், ஸ்மித் மூவரும் ஒரே நேரத்தில் பல விரல்களை உணரும் கெபாசிட்டிவ் பலகையை அறிவித்தார்கள். அது ஒளி புகாத பலகை. அதில் 64க்கு 32 என்ற வரிசையில் உணரிகள் இருந்தன, அதாவது 2,048 புள்ளிகள். அவற்றை ஒன்றுவிடாமல் அளந்துகொண்டிருந்தால் விரலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் முதலில் பெரிய பரப்புகளாகச் சேர்த்து அளந்து, விரல் இருக்கும் பரப்பை மட்டும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் உத்தியை அவர்கள் கையாண்டார்கள். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பல விரல்களை உணரும் திறன் ஐபோனுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கையில் இருந்தது. இல்லாதது, அந்த அளவீடுகளை எல்லாம் நேரத்தோடு விழுங்கக்கூடிய மலிவான சில்லு.

அந்தச் சில்லு திரைக்குள் வளரவில்லை; மடிக்கணினியின் டச்பேடுக்குள் வளர்ந்தது. முதல் நுண்செயலியான இன்டெல் 4004ஐ வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபெடரிகோ ஃபேகின், கார்வர் மீடோடு சேர்ந்து 1986இல் சினாப்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூளையின் நரம்புவலையைப் போன்ற சில்லுகளைச் செய்வது அவர்கள் நோக்கம்; 1990களில் அந்தத் திறமை கெபாசிட்டிவ் டச்பேடாக விற்பனைக்கு வந்தது. யூட்டாவில் ஜார்ஜ் கெர்ஃபைடின் சர்க் நிறுவனமும் அதே வழியில் இருந்தது. டச்பேடு ஒளி ஊடுருவவேண்டியதில்லை, கையளவுக்கு மேல் பெரிதாகவேண்டியதில்லை, ஒரு விரல் தெரிந்தால் போதும். அப்படி எளிதான ஒரு வேலையைப் பல லட்சம் மடிக்கணினிகளில் செய்துசெய்து, இரைச்சலை வடிகட்டும் கலையும் விலைக்குறைப்பும் ஒரு பத்தாண்டில் கைவந்தன. 2002இல் ஐபாடின் தொடுசக்கரமும் இதே வகைதான். இன்னொரு பக்கம் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வேய்ன் வெஸ்டர்மன், கைவலியால் விசைப்பலகையைத் தட்ட முடியாமல், துளியும் விசை தேவைப்படாத பரப்பைத் தேடினார். பல விரல்களின் அசைவைப் பிரித்தறிவதைப் பற்றிய அவரது முனைவர் பட்ட ஆய்வேடு 1999இல் வந்தது. ஜான் எலியாஸோடு அவர் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 2005இல் வாங்கியது.

ஒன்றுக்கு மேற்பட்ட விரல் என்றதும் கணக்கு எப்படிப் பெருகுகிறது என்பதை விளங்கிக்கொள்ளவேண்டும். இந்தக் கதையின் திருப்பம் அங்கே இருக்கிறது. கண்ணாடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகு கடத்தியால் கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் போடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே அளப்பது ஒரு முறை. திரையரங்கில் 5ஆம், 9ஆம் வரிசைகளில் ஆள் இருக்கிறார், 3ஆம், 8ஆம் நெடுக்குகளில் ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தால், இரண்டு பேர் எந்த இரண்டு இருக்கைகளில் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நான்கு இருக்கைகளில் மூலைக்கு மூலை அமையும் இரண்டு சோடிகளில் எதுவும் பொருந்தும். இரண்டு விரல் வைத்தால் இந்தத் திரைக்கும் அதே குழப்பம். மற்றொரு முறையில் ஒரு வரிசைக்கு மின்துடிப்பை அனுப்பி, அது ஒவ்வொரு நெடுக்கிலும் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள்; சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் தனியாக அளக்கப்படும். 10 நெடுக்கும் 15 வரிசையும் உள்ள சிறிய திரையில் முதல் முறைக்கு 25 அளவீடுகள், இரண்டாவதற்கு 150. நொடிக்கு 60 தடவை என்றால் 9,000. அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. கோடுகளின் இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்க, அருகருகே உள்ள புள்ளிகளின் அளவுகளை ஒப்பிட்டு விரலின் மையத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் கணக்கிடவேண்டும். திரையிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் வரும் இரைச்சலைக் கழிக்கவேண்டும். கன்னம் பட்டதா விரல் பட்டதா என்று பிரிக்கவேண்டும். மட்டமான சார்ஜரில் போட்டால் சில கைபேசிகளில் திரை தானாகவே குதிக்கும். அந்தக் கழித்தல் தோற்றுப்போகும் தருணம் அது. ரெசிஸ்டிவ் திரையில் இயற்பியலே விடையைக் கொடுத்துவிடுகிறது. கெபாசிட்டிவ் திரையில் இயற்பியல் ஒரு மங்கலான குறிப்பைத்தான் கொடுக்கிறது. விடையைக் கணினிதான் ஊகித்து எடுக்கவேண்டும். கணிப்பு மலிவாகும்வரை அது காத்திருந்ததில் வியப்பில்லை.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. ஜான்சனின் செப்புக் கம்பியும் இன்றைய கைபேசித் திரையும் ஒன்றா, பெயர் மட்டும்தானே பொது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொத்தான்போல் நின்ற கம்பிக்கும் நூற்றுக்கணக்கான சந்திப்புகளை அளக்கும் வலைக்கும் வேறுபாடு பெரிது. ஆனால் அந்த வேறுபாடு முழுவதும் அளவீடுகளின் எண்ணிக்கையிலும் அவற்றைப் படிக்கும் திறனிலும் இருக்கிறது. விரல் ஒரு கடத்தி, அது அருகே வந்தால் தேக்குதிறன் மாறும் என்ற அடித்தளத்தில் எந்த மாற்றமும் இல்லை. 1965க்கும் 1977க்கும் 1985க்கும் 2007க்கும் இடையே தொடர்ச்சி அறுபடவே இல்லை. மறுப்பு உண்மையில் என் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. தொழில்நுட்பம் காத்துக்கிடந்தது சரி, அதை வெற்றியாக்கியது ஒரு நிறுவனத்தின் துணிவுதானே, ஸ்டைலஸே வேண்டாம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக நின்றதால்தானே உலகம் மாறியது என்பது அது. அந்தப் பிடிவாதத்தின் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். பல விரல் தொடுதிரைக்கான காப்புரிமை விண்ணப்பத்தை ஆப்பிளின் பொறியாளர்கள் 2004 மே மாதமே போட்டிருந்தார்கள்; விரலுக்கென்றே மென்பொருளை அடியிலிருந்து எழுதியதும் அவர்களே. ஆனால் எல்ஜி நிறுவனம் பிராடா என்ற கெபாசிட்டிவ் கைபேசியை 2006 டிசம்பரில் அறிவித்தது. ஐபோன் மேடையேறியது 2007 ஜனவரி 9. இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டிருக்க முடியாத அளவுக்கு நெருக்கம். கடலின் இரு கரைகளில் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வருகிறார்கள் என்றால், அந்த முடிவைச் சாத்தியமாக்கிய சில்லும் பூச்சும் அப்போதுதான் பொதுச்சந்தைக்கு வந்திருந்தன என்றே பொருள். 1995இல் இதைவிடப் பெரிய துணிவு யாருக்காவது இருந்திருந்தாலும் அப்படி ஒரு கைபேசியைச் சட்டைப்பையில் வைக்கும் அளவிலும் வாங்கக்கூடிய விலையிலும் செய்திருக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு நம் நாட்டு அனுபவத்திலிருந்து வருகிறது. 2011 அக்டோபரில் இந்திய அரசு மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய ஆகாஷ் டேப்லெட்டை நினைவிருக்கும். அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். ஏழு அங்குல ரெசிஸ்டிவ் திரை. அழுத்தி அழுத்திச் சலித்தவர்கள் அந்தத் திரையைக் கடுமையாகக் குறைசொன்னார்கள். 2012 நவம்பரில் வந்த ஆகாஷ்–2இல் கெபாசிட்டிவ் திரை வைக்கப்பட்டது. ரெசிஸ்டிவ் தாழ்ந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள். அந்த மாணவர்களின் எரிச்சல் உண்மையானது. அவர்களுக்கு நல்ல திரை கிடைத்திருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதில் ஓடியது ஆண்ட்ராய்ட். விரலால் தள்ளிவிட்டால் பட்டியல் உருண்டோடும், லேசாக வருடினால் பக்கம் மாறும் என்று கெபாசிட்டிவ் திரையை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் அது. கூடவே மெதுவான செயலி. வருடும்போது நெடுகிலும் அழுத்தம் குறையாமல் இருந்தால்தான் ரெசிஸ்டிவ் திரை அதைத் தொடர்ச்சியான அசைவாகப் படிக்கும். அந்தத் திரையிடம் அதனால் முடியாததைக் கேட்டார்கள். இதே ரெசிஸ்டிவ் திரையோடு வந்த நின்டென்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவி 15 கோடிக்கு மேல் விற்றது; அதன் விளையாட்டுகள் கூர்முனையால் வரையவும் குறிபார்க்கவும் எழுதப்பட்டவை. நின்டென்டோ 2012இல் வெளியிட்ட வீ–யூ கருவியின் கைப்பலகையிலும் ரெசிஸ்டிவே இருந்தது. 2009இல் நம் கடைகளில் சாம்சங் ஸ்டாரும் சாம்சங் கார்பியும் அருகருகே விற்றன. முன்னது ரெசிஸ்டிவ், பின்னது கெபாசிட்டிவ். இரண்டையும் கையில் எடுத்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரிந்தது உண்மைதான். கைபேசியில் பெரும்பாலும் வருடுகிறோம் என்பதால் அந்தச் சந்தையில் முடிவு ஒருபக்கமாகவே இருந்தது. அந்த ஒரு சந்தையின் தீர்ப்பை எல்லாத் திரைகளுக்கும் பொதுவாக்கிவிட்டதுதான் பிழை.

கைபேசிக்கு வெளியே பார்த்தால் நான்கு முறைகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. தடித்த கையுறையோடு இயக்கவேண்டிய தொழிற்சாலைப் பலகைகளிலும், தண்ணீரும் மருந்தும் தெறிக்கும் மருத்துவக் கருவிகள் பலவற்றிலும் ரெசிஸ்டிவ் இருக்கிறது; ஈரம் அதற்கு விரலாகத் தெரியாது. வகுப்பறைச் சுவரில் மாட்டும் பெரிய திரைகளில் பெரும்பாலும் அகச்சிவப்பு. காரணம் கணக்குதான்: அகச்சிவப்புக்குத் திரையின் சுற்றளவுக்குத் தக்கபடி உறுப்புகள் கூடினால் போதும், கெபாசிட்டிவுக்குப் பரப்பளவுக்குத் தக்கபடி சந்திப்புகள் கூடும், நீண்ட பூச்சுக்கோடுகளில் மின்தடையும் ஏறும். எச்.பி.–150 கணினியில் தோற்ற முறை, சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவதுபோல் பெரிய எழுத்தாக எழுதும் இடத்தில் வென்றிருக்கிறது. பொதுவிடத் தகவல் பலகைகளில், கீறல் படாத தடித்த கண்ணாடி தேவைப்படும் இடத்தில், ஒலியலை முறை நெடுங்காலமாக நிற்கிறது.

வென்ற கெபாசிட்டிவ் திரையும் ஒன்றை இழந்துதான் வென்றது. விரல் பட்டதா என்று அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்தமாகப் பட்டது என்று தெரியாது. 2015இல் ஆப்பிள் ஐபோன் 6எஸ் கைபேசியில், கண்ணாடியின் மிக நுண்ணிய வளைவை அளந்து அழுத்தத்தை உணரும் தனி அடுக்கைத் திரைக்குப் பின்னால் சேர்த்தது. ரெசிஸ்டிவ் திரை விரல் அழுத்துவதை மட்டுமே அறிந்திருந்தது. கெபாசிட்டிவ் திரையில் அந்த அறிவைத் திரும்பக் கொண்டுவர ஓர் அடுக்கே கூடுதலாகத் தேவைப்பட்டது. 2019இல் ஐபோன் 11 வரிசையில் அது கைவிடப்பட்டு, நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருப்பது அழுத்துவதற்கு ஈடாக வைக்கப்பட்டது. பேனாவால் எழுத விரும்புகிறவர்களுக்காக சாம்சங் 2011இல் தன் நோட் வரிசையில் வாக்கம் நிறுவனத்தின் மின்காந்த முறையை இன்னோர் அடுக்காகச் சேர்த்தது. பாம் பைலட்டில் கூடுதல் அடுக்கு எதுவுமின்றி நடந்த வேலை அது.

எந்தத் திரையானாலும் விரலுக்கு ஒரே விதமான வழவழப்பான கண்ணாடியைத்தான் கொடுக்கிறது; பார்க்காமலே தடவி அறியும் பொத்தானையோ நெம்புகோலையோ அது கொடுப்பதில்லை. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு டேங்கர் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் உயிரிழந்தார்கள். விசாரணையில் கப்பலின் தொடுதிரைக் கட்டுப்பாடுகளும் கேள்விக்குள்ளாயின. அமெரிக்கக் கடற்படை அவற்றில் வேகக் கட்டுப்பாட்டை மீண்டும் கையால் தள்ளும் நெம்புகோலுக்கு மாற்ற முடிவுசெய்தது. அந்த விபத்தையும், கண்ணாடிக்குத் தொடுவுணர்வைக் கொடுக்க நடக்கும் முயற்சிகளையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)